கெர்னல் எது, ரோம் எது: போனில் கை வைப்பதற்கு முன்

"எந்தக் கெர்னலப் போட்டா சார்ஜ் நிக்கும் அண்ணாச்சி?" பழைய ஆண்ட்ராய்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிற இளைஞர்கள் பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் எனக்குப் பலர் உண்டு. தயாரித்த நிறுவனமே அப்டேட்டை நிறுத்திவிட்ட போனைத் தூக்கி எறியாமல், அதற்கு இன்னும் சில ஆண்டுகள் உயிர் கொடுக்கப் பார்க்கிற அவர்களுடைய ஆர்வம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால், கெர்னல், கஸ்டம் ரோம், ரூட், ரெக்கவரி ஆகிய நான்கையும் ஒரே பொருளாகக் கருதிப் பேசுகிற பழக்கம் அவர்களிடையே பரவலாக இருக்கிறது. இந்த நான்கும் போனுக்குள் வெவ்வேறு இடங்களில் இருப்பவை, வெவ்வேறு வேலைகளைச் செய்பவை. கெர்னல் வன்பொருளை இயக்குவது; ரோம் அதன்மேல் ஓடும் ஆண்ட்ராய்டு; ரூட் என்பது போனின்மீதான முழு அதிகாரம்; ரெக்கவரி, பழுதுபார்க்கவும் புதிதாக ஏற்றவும் உதவும் தனிச் சிறு இயங்குதளம். எந்த அடுக்கை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றியவருக்குப் பழுது வந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்திருக்கும். ஆகவே அந்த அடுக்குகளைப் பற்றி, சிறப்பாக அடியில் இருக்கும் கெர்னலைப் பற்றி, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லினக்ஸ் கெர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு, ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது வெளியிட்டார். 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போனான ஹெச்டிசி ட்ரீம் விற்பனைக்கு வந்தபோது அதன் அடியில் இயங்கியதும் அந்தக் கெர்னலின் வழிவந்ததுதான். இன்று விற்கும் ஆண்ட்ராய்டு போன்களிலும் அதுவே இயங்குகிறது. திரை, தொடுதல், கேமரா, வைஃபை, நினைவகம், பிராசஸர் என்று போனில் உள்ள ஒவ்வொரு வன்பொருளையும் நேரடியாகத் தொட்டு வேலை வாங்கும் உரிமை கெர்னலுக்கு மட்டுமே உண்டு. தாமிரபரணிப் பாசனத்துக் குளங்களில் வயலுக்குச் சொந்தக்காரர் தம் விருப்பத்துக்கு மடையைத் திறந்துகொள்ள முடியாது. யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பிரிப்பவர் நீர்ப்பாய்ச்சி. வாட்ஸ்அப்பாக இருந்தாலும் விளையாட்டாக இருந்தாலும், தனக்குப் பிராசஸரின் நேரமும் நினைவகமும் வேண்டுமென்றால் கெர்னலிடம் அவ்வாறே முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

கெர்னலுக்கு மேலே இருப்பவை வேறு அடுக்குகள். சிப் தயாரிப்பாளரும் போன் தயாரிப்பாளரும் கொடுத்த வன்பொருள் சார்ந்த கோப்புகள் வெண்டார் என்ற பார்ட்டிஷனில் (சேமிப்பகத்தின் தனிப்பிரிவில்) இருக்கின்றன. அதற்கு மேலே, கூகுள் திறந்த மூலநிரலாக வெளியிடும் ஆண்ட்ராய்டு சட்டகம் சிஸ்டம் பார்ட்டிஷனில் இருக்கிறது. நாம் பார்க்கும் முகப்புத் திரை, செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. கஸ்டம் ரோம் என்பது முதன்மையாக இந்தச் சிஸ்டம் அடுக்கை மாற்றுவது. 2009இல் தொடங்கிய சயனோஜென்மாட், அது 2016 டிசம்பரில் நின்றபின் அதன் வழியில் எழுந்த லீனியேஜ்ஓஎஸ் போன்றவை இவ்வகை. பெரும்பாலான ரோம்கள் தமக்கு ஏற்ற கெர்னலையும் சேர்த்தே கொண்டுவருவதால்தான் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் ஏற்படுகிறது. ஆனால் ரோமை அப்படியே வைத்துக்கொண்டு கெர்னலை மட்டும் மாற்றலாம். கெர்னலைத் தொடாமல் ரோமை மட்டும் மாற்றவும் வழி இருக்கிறது.

அந்த இரண்டாவது வழி 2017இல் ஆண்ட்ராய்டு 8 ஓரியோவுடன் வந்தது. பிராஜெக்ட் டிரெபிள் என்ற அந்த மாற்றத்தால், சிஸ்டம் அடுக்குக்கும் வெண்டார் அடுக்குக்கும் இடையே நிலையான ஓர் எல்லை வகுக்கப்பட்டது. அதன் பயனாக ஜிஎஸ்ஐ எனப்படும் பொதுவான சிஸ்டம் இமேஜ் ஒன்றைப் பல நிறுவனங்களின் போன்களில் ஏற்ற முடிகிறது. அப்போது போனின் பழைய கெர்னலும் பழைய வெண்டார் கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே உள்ள ஆண்ட்ராய்டு மட்டும் புதிதாகும். ரோமும் கெர்னலும் தனித்தனியானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

போனை உயிர்ப்பிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை வரிசையாகத் தெரிந்துகொள்வது மிகவும் பயன்படும். பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட, மாற்றவே முடியாத சிறு நிரல். அது, இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரலான பூட்லோடரைச் சரிபார்த்து எழுப்புகிறது. பூட்லோடர், பூட் பார்ட்டிஷனில் இருக்கும் கெர்னலைச் சரிபார்த்து, நினைவகத்தில் ஏற்றி, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. கெர்னல் தன் டிரைவர்களை (ஒவ்வொரு வன்பொருளையும் இயக்கும் நிரல்களை) தயார் செய்துகொண்டு, ராம்டிஸ்க் என்ற சிறு கோப்புத் தொகுப்பிலிருந்து இனிட் என்னும் முதல் நிரலை இயக்குகிறது. இனிட், மற்ற பார்ட்டிஷன்களை இணைத்து ஆண்ட்ராய்டின் சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடங்குகிறது. நிறுவனத்தின் பெயர் மட்டும் அசையாமல் தெரிவது பூட்லோடர் காட்டும் படம். அசையும் பூட் அனிமேஷன், கெர்னல் எழுந்து, இனிட் ஓடி, ஆண்ட்ராய்டின் வரைகலைச் சேவை தொடங்கிய பிறகு வருவது.

இந்த வரிசை தெரிந்தவருக்குப் பழுதைப் பிரித்துப் பார்ப்பது எளிது. புதிதாக ஏதோ ஒன்றை ஃபிளாஷ் செய்த (பார்ட்டிஷனில் எழுதிய) பிறகு போன் நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிட்டால், அல்லது அங்கிருந்தே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனால், குறை பெரும்பாலும் கெர்னலிலோ ராம்டிஸ்கிலோ சரிபார்ப்பிலோ இருக்கும். அனிமேஷன் ஓடிக்கொண்டே இருந்து முகப்புத் திரை மட்டும் வரவில்லை என்றால், கெர்னல் எழுந்துவிட்டது. குறையைப் பெரும்பாலும் ரோமில், அல்லது பழைய ரோமின் தரவு அழிக்கப்படாமல் இருப்பதில் தேட வேண்டும். "பிரிக் ஆயிட்டு", அதாவது இனி எழாது, என்று சோர்ந்துபோய்க் கொண்டுவரப்படும் போன்களில் பல, கணினியின் கட்டளையைப் பூட்லோடர் ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்கு இன்னும் போகக்கூடிய போன்கள்தான். பூட்லோடர் உயிரோடு இருக்கும்வரை அந்தப் போன் சாகவில்லை. சரியான பூட் இமேஜை, அதாவது பூட் பார்ட்டிஷனுக்குரிய கோப்பை, திரும்ப எழுதினால் பல நேரங்களில் அது எழுந்துவிடுகிறது.

அடுத்து, ஒரு போனின் கெர்னலை வேறொரு போனில் ஏன் போட முடியாது என்ற கேள்வி. கணினியில் ஒரே லினக்ஸ் இமேஜை எந்த மடிக்கணினியிலும் ஏற்றலாமே, போனில் மட்டும் ஏன் ஒவ்வொரு மாடலுக்கும் தனிக் கோப்பு என்று மாணவர்கள் கேட்பது நியாயமானது. கணினியில் எந்தெந்த வன்பொருள் எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை, வன்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்ட அதன் ஃபர்ம்வேரே இயங்குதளத்துக்குத் தெரிவித்துவிடும். ஏஆர்எம் சிப் கொண்ட போன்களில் அந்த ஏற்பாடு இல்லை. திரையின் மின்னிணைப்பு எந்த முனையில் இருக்கிறது, சார்ஜரைக் கவனிக்கும் சிப் எது, கேமரா எந்த வழியில் பேசுகிறது என்பவற்றை டிவைஸ் ட்ரீ என்ற விவரப்பட்டியலாக எழுதி, கெர்னலிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே சிப் கொண்ட இரண்டு போன்களுக்கும்கூட இந்தப் பட்டியல் மாறுபடும். ஆகவேதான் மிடோ, வயலட், பெரிலியம் என்று ஒவ்வொரு போனுக்கும் உள்ள குறிப்பெயரைப் பார்த்துத்தான் கோப்பை இறக்க வேண்டும். விற்பனைப் பெயரை நம்பக் கூடாது. ஒரே விற்பனைப் பெயரில் வேறு வேறு சிப் கொண்ட போன்கள் வந்திருக்கின்றன.

இதோடு தொடர்புடைய ஒன்றை நம் ஊர் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் உள்ள கடைகளில் டிஸ்பிளே மாற்றிய போன்கள் நம்மிடையே மிகுதி. போன் தயாரிக்கும் நிறுவனங்களே ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று இடங்களிலிருந்து திரைகளை வாங்குவது வழக்கம். அந்தந்தத் திரைக்கும் தொடுதல் சிப்புக்கும் உரிய டிரைவர்கள் அவற்றின் கெர்னலில் இருக்கும். கடையில் மாற்றிய திரையின் தொடுதல் சிப் வேறாக இருந்து, கஸ்டம் கெர்னலை எழுதியவர் அந்த டிரைவரைச் சேர்க்காமல் விட்டிருந்தால், படம் அழகாகத் தெரியும், விரலுக்கு மட்டும் திரை அசையாது. அந்த நிலையில் ரோமை எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் பயன் இல்லை. டிஸ்பிளே மாற்றிய போன் என்றால், கெர்னலை மாற்றுவதற்கு முன் அந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கெர்னலின் பூட் இமேஜைக் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஒரு போனுக்கு நீண்ட ஆயுள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தின்கீழ் வருகிறது. அதன்படி, கெர்னலைப் போனில் வைத்து விற்கிற நிறுவனம், தான் செய்த மாற்றங்களோடு கூடிய மூலநிரலைக் கேட்பவருக்குத் தரக் கடமைப்பட்டிருக்கிறது. இந்த ஓர் உரிமம் இல்லாமல் கஸ்டம் ரோம் உலகமே இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆண்ட்ராய்டு சட்டகத்தின் மூலநிரலைக் கூகுள் வெளியிடுகிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு போனின் திரையையும் சார்ஜரையும் தொடுதலையும் இயக்கத் தெரிந்த நிரல், அந்தப் போனின் கெர்னல் மூலநிரலில்தான் இருக்கிறது. அது வெளியான போனுக்குத் தன்னார்வலர்கள் வருகிறார்கள். அது வெளியாகாத போன், அல்லது தாமதமாகவும் அரைகுறையாகவும் வெளியான போன், எவ்வளவு நல்ல வன்பொருளாக இருந்தாலும் அநாதையாகவே நின்றுவிடுகிறது.

ரெட்மி நோட் 4 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்னாப்டிராகன் 625 சிப்போடு 2017 ஜனவரியில் இந்தியாவில் வெளிவந்த அந்தப் போன் திருநெல்வேலிச் சீமையிலும் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆண்ட்ராய்டு 6இல் தொடங்கிய அதற்கு நிறுவனம் கொடுத்த ஆண்ட்ராய்டு பதிப்பு 7 நௌகட்டோடு முடிந்தது. அதன் கெர்னல் 3.18. ஆனால் மூலநிரல் கிடைத்தது. அதே சிப் குடும்பத்தில் பின்னர் வந்த போன்களுக்காகச் சிப் நிறுவனமான குவால்காம் 4.9 கெர்னலின் நிரலையும் வெளியிட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு தன்னார்வலர்கள் அந்தப் போனின் டிரைவர்களைப் புதிய கெர்னலுக்கு மாற்றி எழுதினார்கள். நிறுவனம் நௌகட்டில் விட்ட போனில் ஆண்ட்ராய்டு 10, 11 என்று அடுத்தடுத்த பதிப்புகள் ஓடின. யாரும் கூலி கொடுக்காமல், தங்கள் இரவுகளைச் செலவிட்டு இதைச் செய்தவர்கள்மீது எனக்கு இருக்கும் மதிப்பைச் சொற்களில் அடக்க முடியாது.

மூலநிரல் கிடைத்தாலும் கிடைக்காத பகுதி ஒன்று உண்டு. கேமராவின் படச்செயலாக்கம், கைரேகை, டவரோடு பேசும் மோடம் ஆகியவற்றுக்கான கோப்புகள் மூலநிரல் இல்லாத மூடிய கோப்புகளாகவே வருகின்றன. கஸ்டம் ரோம் எழுதுபவர்கள் நிறுவனத்தின் ரோமிலிருந்து அவற்றை அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். கஸ்டம் ரோமுக்கு மாறிய பிறகு படங்கள் முன்பு போல வரவில்லை என்ற குறை இங்கிருந்து பிறக்கிறது. கேமராவின் டிரைவர் கெர்னலில் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நிறுவனத்தின் கேமரா செயலியில் இருந்த செயலாக்கம்தான் காணாமல் போயிருக்கும். இதைக் கெர்னலை மாற்றித் தீர்க்க முடியாது.

உங்கள் போனின் கெர்னல் எது என்பதைச் செட்டிங்ஸில், போனைப் பற்றிய விவரப் பகுதியில் காணலாம். எடுத்துக்காட்டாக 4.19.157 என்று இருப்பதாகக் கொள்வோம். 4.19 என்பது 2018 அக்டோபரில் வெளியான மூலப் பதிப்பு. அதை நீண்டகாலம் பராமரிக்கும் பதிப்பாக லினக்ஸ் குழுவினர் தேர்ந்தெடுத்து, 2024 டிசம்பர் வரை திருத்தங்களை வெளியிட்டார்கள். மூன்றாவது எண் அந்தத் திருத்த வெளியீடுகளைக் குறிப்பது, 4.19இல் அது 300ஐத் தாண்டிச் சென்றது. ஆக, 157இல் நிற்கும் போனுக்கும் கடைசி வெளியீட்டுக்கும் இடையே நூற்றுக்கு மேற்பட்ட வெளியீடுகளின் திருத்தங்கள் இருக்கின்றன. சிப் நிறுவனங்கள் முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களைத் தனியே எடுத்துச் சேர்ப்பதும் உண்டு என்பதால், எண் சிறியது என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்தக் கெர்னல் பாதுகாப்பற்றது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும், கெர்னலை இந்த வெளியீடுகளோடு இணைத்து மேம்படுத்தித் தருகிற ஒருவரின் உழைப்பையே நான் முதலில் மதிப்பேன். வேகம் கூடியது என்று விளம்பரப்படுத்துகிறவரின் கெர்னல் அதற்குப் பின்னால்தான்.

செட்டிங்ஸின் இதே பகுதியில் ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் தேதி என்று ஒன்று தெரியும். கஸ்டம் ரோம் போட்டதும் அது புதிய மாதத்துக்கு மாறுவதைக் கண்டு போன் முழுவதும் புதுப்பிக்கப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தத் தேதி சிஸ்டம் அடுக்கைப் பற்றியது. லீனியேஜ்ஓஎஸ் போன்ற நேர்மையான ரோம்கள் வெண்டார் பாதுகாப்புத் தேதியைத் தனியாகக் காட்டுகின்றன. நிறுவனம் கைவிட்ட மாதத்தோடு அது நின்றிருப்பதைப் பார்க்கலாம். மோடம் ஃபர்ம்வேரையும் பூட்லோடரையும் எந்தத் தன்னார்வலராலும் திருத்தித் தர இயலாது.

கஸ்டம் கெர்னல் உண்மையில் எதை மாற்றுகிறது என்பதற்கு வருகிறேன். பிராசஸரின் வேகத்தை வேலைக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் வைக்கும் கவர்னர் என்ற பகுதி கெர்னலில் இருக்கிறது. முன்பு ஆன்டிமாண்ட், இன்டராக்டிவ் போன்ற கவர்னர்கள் வழக்கில் இருந்தன. 2016இல் லினக்ஸ் 4.7இல் ஷெட்யூட்டில் (schedutil) என்ற கவர்னர் வந்தது. முந்தையவை கடந்த சில நொடித்துளிகளில் எவ்வளவு வேலை நடந்தது என்று பார்த்து முடிவெடுத்தன. ஷெட்யூட்டில், எந்த வேலையை எப்போது ஓட்டுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரிடமிருந்தே கணக்கைப் பெறுகிறது. சிறிய கோர்களும் பெரிய கோர்களும் (பிராசஸருக்குள் உள்ள தனித்தனிக் கணிப்பகுதிகள்) கலந்த சிப்பில், எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுத்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்று கணக்கிடும் ஏற்பாடு 2019இல் லினக்ஸ் 5.0இல் முறையாகச் சேர்ந்தது. பழைய இன்டராக்டிவ் காலத்துப் போன்களுக்குக் கஸ்டம் கெர்னல் வழியாக இவை வந்தபோது வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. இவை ஏற்கெனவே உள்ள இன்றைய போனில் கெர்னலை மாற்றிப் பெறும் ஆதாயம் மிகவும் குறைவு. இதைச் சொன்னால் மாணவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். ஆனால் உண்மை அதுதான்.

மின்னழுத்தத்தைக் குறைப்பதும் அப்படியே. பிராசஸர் செலவழிக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், சிறு குறைப்பும் நல்ல பலனைத் தரும். பழைய போன்களில் எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்ற அட்டவணை கெர்னலில் இருந்தது, கைவைக்க முடிந்தது. அண்மைக்காலச் சிப்கள் பலவற்றில் அதைத் தனி ஃபர்ம்வேரே கவனித்துக்கொள்கிறது.

வெப்பத்தைப் பற்றி மட்டும் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியை எட்டுகிற ஊர் நம்முடையது. போன் சூடேறும்போது பிராசஸரின் வேகத்தைக் குறைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு, பாதி கெர்னலிலும் பாதி வெண்டார் அடுக்கிலும் இருக்கிறது. விளையாட்டில் ஃபிரேம் குறையக் கூடாது என்பதற்காக இந்த எல்லையை உயர்த்தியோ அகற்றியோ வைத்திருக்கும் கெர்னல்கள் உலவுகின்றன. குளிர்நாட்டில் இருப்பவர் தம் அறையில் சோதித்துப் பார்த்து எழுதிய எல்லை, நம் மாடி அறைக்குப் பொருந்தாது. லித்தியம் பேட்டரி வெப்பத்தில் விரைவாக மூப்படைகிறது. சார்ஜ் ஏறும் மின்னோட்டத்தைக் கூட்டுகிற மாற்றமும் இதோடு சேர்ந்தால் பேட்டரி உப்பிக்கொள்ளவும் வழி உண்டு. மாறாக, 80 விழுக்காட்டில் சார்ஜை நிறுத்தும் வசதியைத் தரும் கெர்னல் கிடைத்தால் அதை நான் மனமுவந்து பரிந்துரைப்பேன்.

சார்ஜ் நிற்கவில்லை என்பது எல்லா நேரத்திலும் கெர்னலின் குறை ஆகாது. களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் போனை என்னிடம் கொண்டுவந்தார். வீட்டில் வைத்தால் மாலைவரை நிற்கிற சார்ஜ், தோட்டத்துக்குப் போனால் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. மகன் கஸ்டம் கெர்னல் போட்டும் மாறவில்லை. "தம்பி, இதுக்கு வேற நல்லதா ஒண்ணு போட்டுத் தாங்க" என்றார். பேட்டரி விவரத்தைத் திறந்து பார்த்தபோது சிக்னல் இல்லாத நேரம் பெரும்பகுதியாக இருந்தது. மோடம் என்பது தனிப் பிராசஸர், தனி ஃபர்ம்வேர் கொண்டது. டவர் எட்டாத இடத்தில் அது கூடுதல் ஆற்றலோடு கூவிக்கொண்டே இருக்கும். அந்த அலைபரப்பை ஆண்ட்ராய்டின் கெர்னல் தீர்மானிப்பதில்லை. தோட்டத்தில் 5ஜி, 4ஜி தேடலை விட்டு அங்கே கிடைக்கிற நெட்வொர்க்கை மட்டும் தேர்ந்தெடுத்து வைக்கச் சொன்னேன். அதன்பின் அவருக்குக் கெர்னல் தேவைப்படவில்லை.

ரூட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2016இல் வந்த மேஜிஸ்க், சிஸ்டம் அடுக்கைத் தொடாமல் ராம்டிஸ்கை மாற்றி ரூட் அதிகாரத்தைத் தருகிறது. கெர்னல்எஸ்யூ என்பது அந்த வேலையைக் கெர்னலுக்குள்ளேயே செய்வது. ராம்டிஸ்க் பல போன்களில் பூட் இமேஜுக்குள்ளும், ஆண்ட்ராய்டு 13உடன் வெளியான போன்கள் முதல் இனிட்பூட் என்ற தனிப் பார்ட்டிஷனிலும் இருக்கிறது. பழைய விளக்கத்தைப் படித்துவிட்டுப் புதிய போனின் பூட் இமேஜில் மேஜிஸ்கை ஒட்டுபவர்கள் ரூட் கிடைக்காமல் திகைப்பது இதனால்தான். கஸ்டம் கெர்னல் போட்டதும் ரூட் போய்விட்டது என்றால், பழைய போன்களில் ராம்டிஸ்கும் சேர்ந்து மாறியிருக்கிறது என்று பொருள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறக்கும்போது போனில் உள்ள தரவு முழுவதும் அழிக்கப்படும். திருடியவர் பூட்லோடரைத் திறந்து, தமக்கு வேண்டிய கெர்னலைப் போட்டு உங்கள் தரவைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. திறந்த பிறகு, ஏற்றப்படும் கெர்னல் நிறுவனம் கையொப்பமிட்டதுதானா என்ற சரிபார்ப்பு தளர்ந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை தோன்றும். வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கும். சில போன்களில் ஓடிடி படங்கள் உயர்தரத்தில் ஓடா. வீட்டின் யுபிஐ, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் இருக்கும் ஒரே போனில் இதைச் செய்யாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பழைய போனை இதற்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஐஎம்இஐ எண் உள்ள பார்ட்டிஷன்களைத் தொடாதீர்கள். அதை மாற்றுவது சட்டப்படி குற்றம்.

இந்தத் துறையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது, மூலநிரலிலிருந்து தாமே கெர்னலைக் கம்பைல் செய்ய (கட்டி எடுக்க) முன்வரும் மாணவர்களைக் காண்பது. ஆண்ட்ராய்டு முழுவதையும் கட்டுவதற்குக் குறைந்தது 400 ஜிபி வட்டு இடமும் 64 ஜிபி ரேமும் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. நம் ஊர் மாணவரின் மடிக்கணினிக்கு அது எட்டாத உயரம். கெர்னல் அப்படி அன்று. சில ஜிபி இடம், ஒரு கம்பைலர், பொறுமை ஆகியவை இருந்தால் பழைய மடிக்கணினியிலும் கட்டி முடிக்கலாம். மேலப்பாளையத்து மாணவர் ஒருவர் தம் போனின் மூலநிரலை இறக்கி, கெர்னல் பெயரோடு தம் ஊர்ப்பெயரையும் சேர்த்துக் கம்பைல் செய்தார். செட்டிங்ஸில் அந்தப் பெயரைக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதம் முற்றிலும் தகுந்ததே. ஆனால் வைஃபை பொத்தான் மட்டும் திறக்க மறுத்தது.

காரணத்தைத் தேட அவரைக் கெர்னலின் பதிவேடான டிமெசெக்கைப் படிக்கச் சொன்னேன். வைஃபை டிரைவர் கெர்னலுக்குள் சேர்க்கப்படாமல், பின்னர் ஏற்றப்படும் தனிக் கோப்பான மாட்யூலாக வெண்டார் பார்ட்டிஷனில் இருந்தது. ஒரு மாட்யூல் எந்தக் கெர்னலுக்காகக் கட்டப்பட்டது என்ற குறிப்பு அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்; பொருந்தாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. ஊர்ப்பெயரைச் சேர்த்ததால் மாறிய பதிப்புப் பெயரைப் பழைய மாட்யூல் அடையாளம் காணவில்லை என்பது பதிவேட்டில் ஒரே வரியில் இருந்தது. அவர் வைஃபை டிரைவரையும் கெர்னலோடு சேர்த்தே கட்டினார், வைஃபை வந்தது. அந்த ஒரு வரியைத் தாமே கண்டுபிடித்தது, பத்து ரோம்களை மாற்றி மாற்றி ஏற்றியதைவிட அவருக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. போன் எழாமலே நின்றுவிட்டால் இந்தப் பதிவேட்டைப் படிக்க முடியாதே என்று அவர் கேட்டார். பல போன்களில் நினைவகத்தின் ஒரு சிறு பகுதி இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கும்; விழுந்த கெர்னலின் கடைசி வரிகள் அதில் தங்கும். ரெக்கவரி வழியாகப் பிஸ்டோர் என்ற அடைவில் அதைப் பார்க்கலாம்.

புதிய போன்களில் இந்த மாட்யூல் பிரிவு இன்னும் ஆழமாகியிருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 காலத்திலிருந்து, 5.10 கெர்னலும் அதற்குப் பிந்தையனவும் கொண்டு வெளிவரும் போன்களில், மையக் கெர்னலைக் கூகுள் பொதுவாகக் கட்டித் தருகிறது; போனுக்கே உரிய டிரைவர்கள் மாட்யூல்களாகத் தனிப் பார்ட்டிஷன்களில் இருக்கின்றன. இதனால் பொதுக் கெர்னலை மட்டும் மாற்றுவது பல போன்களில் எளிதாகியிருக்கிறது.

முதன்முறை கெர்னல் மாற்றப் போகிறவர்கள், உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பதிப்பின் பூட் இமேஜை முதலில் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின், புதிய கெர்னலை நேரடியாகப் பார்ட்டிஷனில் எழுதாமல், ஃபாஸ்ட்பூட்டின் பூட் கட்டளையால் ஒருமுறை மட்டும் நினைவகத்தில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். சில நிறுவனங்கள் இந்த வசதியை மூடிவைத்திருந்தாலும் பல போன்களில் அது வேலை செய்கிறது. தொடுதல், வைஃபை, சிம், கேமரா, ஒலி, சார்ஜ் ஏறுதல் ஆகியவற்றை அப்போதே ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொள்ளலாம். ஏதேனும் ஒன்று சரியில்லை என்றால் போனை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதும். பார்ட்டிஷனில் இருக்கும் பழைய கெர்னலே திரும்ப எழும்.